வெள்ளைச் சட்டை யாருக்கு?

அத்தியாயம் 11

போன வாரம் கலூபாவை நிம்மதியாகத் தூங்க அனுப்பிவிட்டுத்தான் கதையை நிறுத்தினோம். முப்பத்தைந்து வயதில், பத்தாவது படிக்கிற மகளை வைத்துக்கொண்டு, விட்ட படிப்பைத் தொடரப் போகிற மனிதன். உயிரியல் பரீட்சையில் ஒரு தடவை கோட்டைவிட்டு, மறு தடவை தேறி, கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டான். இரண்டு படிப்புகள் கொடுத்திருந்தார்கள். வாகனப் பொறியியல், இல்லையென்றால் செவிலியர் படிப்பு. நேரில் போய் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

விடிந்ததும் போவான், கையெழுத்துப் போடுவான், எல்லாம் சுபம் என்று நாமும்தான் நினைத்தோம். மாமியாரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம்.

காலையில் கலூபா தன்னிடமிருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டான். சான்றிதழ் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளறைத் திரைச்சீலையை விலக்கக் கை வைத்தான். வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

“லோம்பே, வீடு பெருக்கியாச்சா?”

தேள் கொட்டியது போலக் கையை இழுத்துக்கொண்டான். மாமியாரின் குரல். அதுவும் திரைக்கு ஒரு முழ தூரத்தில்.

எங்கள் ஊர் கசாமாவில் மருமகன் மாமியார் முகத்துக்கு நேரே போய் நிற்க மாட்டான். தெருவில் அவள் எதிரே வந்தால் இவன் மரத்துக்குப் பின்னால் போய்விடுவான். அவள் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். வெறுப்பு ஒன்றுமில்லை, மரியாதைதான். அந்தக் கட்டு அவிழ்கிற நாளும் ஒன்று உண்டு. பெண் வீட்டாருக்கு மனம் நிறைந்தால், ஆக்கிப் போட்டு, மருமகனைக் கைபிடித்து மாமியாரின் அடுப்படிக்குள் அழைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். சிலருக்கு இரண்டாம் வருஷமே அழைப்பு வந்துவிடும். கலூபாவுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. இன்னும் வரவில்லை.

வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. வெளியே போக ஒரே வழி, முன்னறை. அந்த வழியில்தான் சந்தையில் கருவாடு விற்கப் போக வேண்டிய அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கலூபா ஜன்னலைப் பார்த்தான். கம்பி. போன வருஷம் ரேடியோ திருடு போனதும் அவனே ஆள் வைத்து அடித்த கம்பி. நல்ல கெட்டிக் கம்பியாகப் போடச் சொல்லி மேற்பார்வை வேறு பார்த்தான்.

“லோம்பே,” என்றாள் மாமியார், “உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. சாயங்காலம் ஆஸ்பத்திரி சங்கு ஊதற வரைக்கும் நான் இங்கதான் உட்காரப் போறேன்.”

லோம்பே திரைக்குள் தலையை நீட்டினாள். கையெல்லாம் எண்ணெய். தையல் மெஷினை மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. “அம்மா சாயங்காலம் வரைக்கும் இங்கதான் உட்காருவாங்களாம்.”

“கேட்டுச்சு. ஏன்னு கேளு.”

“ஏன்னு கேக்கறாரு அம்மா.”

“ஏன்னு அவருக்கே தெரியும்னு சொல்லு.”

“ஏன்னு உங்களுக்கே...”

“கேட்டுச்சு லோம்பே, கேட்டுச்சு!”

“கேக்கும்னு எனக்கும் தெரியும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அப்புறம் நேரா பேசிட்டீங்கன்னு என்னைத்தான் திட்டுவாங்க.” லோம்பேயின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று கலூபாவுக்குத் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

“நாலு மணிக்கு கல்லூரியில கதவைச் சாத்திடுவாங்கன்னு சொல்லு.”

“நாலு மணிக்கு...”

“அது தெரிஞ்சுதானே வந்திருக்கேன்,” என்றாள் மாமியார். “வாகனப் படிப்புதான் எடுப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. இப்பவே எழுந்து சந்தைக்குப் போயிடறேன். வண்டி ஓட்டற மனுஷன் வண்டியைப் படிக்கறதுக்கு என்ன? நர்ஸ் வேலை மட்டும் வேண்டாம்.”

கலூபா கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மகள் பூபே ஜன்னல் கம்பி வழியாகக் கத்திவிட்டுப் போனாள். “அப்பா, வாகனம்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன். உங்களுக்கு எலும்பு பேரெல்லாம் சொல்லிக் கொடுத்தே என் தொண்டை போச்சு!”

வண்டியைப் படிக்கலாம். தப்பே இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டியே எட்டு வருஷம் ஆகிறது, வண்டிக்கும் அவனுக்கும் ஒன்றும் பகையில்லை. ஆனால் வண்டியில் நடப்பதெல்லாம் பின்னால்தானே நடக்கிறது? இவன் முன்னால் உட்கார்ந்து பள்ளம் பார்த்து ஓட்டுவான். பின்னால் பிள்ளைவலியில் ஒருத்தி அலறுவாள். கண்ணாடியில், கூட வருகிற நர்ஸ், சிஸ்டர் ஜேரேயின் முதுகு மட்டும் தெரியும்.

போன மழைக்காலத்தில் லுவிங்கு சாலையில் சேற்றில் வண்டி புதைந்துவிட்டது. அன்றைக்குத்தான் சிஸ்டர் அவனைப் பின்னால் கூப்பிட்டாள். “டார்ச்சைப் பிடி. கையை ஆட்டாதே.” பிறந்த பிள்ளை நீலம் பூத்துக் கிடந்தது. அவள் துடைத்தாள், தட்டினாள், வாயில் ஊதினாள். அது அழுதது. தாயைக் கவனிக்க வேண்டியிருந்ததால் துணியில் சுற்றி இவன் கையில் கொடுத்துவிட்டாள். கலூபாவும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து அழுதான். அன்றிலிருந்து முன்சீட்டில் உட்கார அவனுக்குப் பொறுக்கவில்லை.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் லோம்பே வாய் வழியாக?

வெயில் ஏறியது. முன்னறையிலிருந்து மக்காச்சோளக் களி வாசனையும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் வந்தன. லோம்பே அவனுக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தாள்.

“அம்மா கேக்கறாங்க, உப்பு போதுமான்னு.”

“நிஜமாவா?”

“வழிதான் விட மாட்டாங்க. உங்களைப் பட்டினி போடுவாங்கன்னு யார் சொன்னா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். உப்பு போதும் என்று சொல்லி அனுப்பினான். பதினாறு வருஷமாக அந்த அம்மாள் அவனுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. மாசம் ஒரு தரம் நல்ல கருவாடாகப் பொறுக்கி அனுப்புவாள். அழைப்பு மட்டும் அனுப்ப மாட்டாள்.

மத்தியானம் திரும்பியதும் வாசலில் டாக்ஸி ஒன்று ஹாரன் அடித்தது. கூடவே ஒரு கனத்த குரல்.

“யோவ் கலூபா! கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்ல? இன்னுமா கோட்டு மாட்டற?”

சிஸ்டர் ஜேரே. இன்று அவளுக்கு விடுப்பு. உள்ளே ஒரு கால் வைத்தவள், நாற்காலியில் இருந்த மாமியாரையும் பின்னால் தொங்கிய திரையையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“அடடா! குரங்கு தின்னிங்க வீட்டுல புது மாதிரி ஜெயில் கட்டியிருக்காங்களே!”

“வந்துட்டாளா எலி தின்னி?” என்றாள் மாமியார் கொஞ்சமும் அசராமல். “லோம்பே, அடுப்படியை மூடுடி. எலி கிலி ஓடினா அள்ளிக்கிட்டுப் போயிடுவா.”

நாங்கள் பெம்பாக்காரர்கள், ஜேரே ங்கோனிக்காரி. தாத்தன் காலத்தில் ஈட்டி தூக்கிச் சண்டை போட்ட இரண்டு கூட்டம். இப்போது அந்தச் சண்டையில் மிச்சமிருப்பது கேலி ஒன்றுதான். யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சாவு வீட்டில்கூடச் சொல்லலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. முறைமாமனும் முறைப்பெண்ணும் போல.

“எழுந்திருடி. நீ எனக்கு அடிமை. எங்க தாத்தா வந்தப்ப உங்க தாத்தா இப்படி நாற்காலி போட்டா உட்கார்ந்தாரு? ஓடினாரு!”

“யாரு ஓடினதுன்னு உங்க பக்கம் மாத்திச் சொல்லி வச்சிருக்காங்க. பாவம், உண்மையைச் சொன்னா சோறு இறங்காது.”

திரைக்குப் பின்னால் கலூபா, கஷ்டத்தையும் மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஜேரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “சரி, விளையாட்டு போதும். மருமகன் நர்ஸ் ஆனா உனக்கு எங்க வலிக்குது?”

“ஏன் வலிக்காது? மாசாமாசம் பிரஷர் பாக்க அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே நான் வரேன்? நாளைக்கு இவர் அங்க நின்னா? என் கையைப் பிடிச்சுப் பட்டி சுத்துவாரா? அப்புறம் நான் வைத்தியத்துக்கு எந்த ஊருக்கு ஓடறது?”

“இந்தக் கதையெல்லாம் என்கிட்ட விடாதே. எங்க வார்டுல ஆம்பளை நர்ஸ் ரெண்டு பேர் இருக்கானுங்க, ரெண்டு பேருக்கும் மாமியார் இருக்கா. அவ வந்தா இவன் பக்கத்து அறைக்குப் போயிடறான், நான் பாக்கறேன். இது உனக்கும் தெரியும். உள்ள இருக்கறதைச் சொல்லுடி.”

மாமியார் அசைந்து உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது. அவள் மறுபடி பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

“அந்த வெள்ளைச் சட்டை என் பொண்ணோடது.”

கலூபாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“லோம்பே ஒன்பதாவது தேறினப்பவே சந்தையில வெள்ளைத் துணி எடுத்து வச்சேன். நர்ஸ் ஆனதும் தைக்கலாம்னு. மழை, வெயில்னு பாக்காம கருவாடு வித்தேன். பதினொண்ணாவதுல வயித்துல பிள்ளையோட வந்து நின்னா. படிப்பு போச்சு. அந்தத் துணியைக் கிழிச்சு பூபேக்குத் தொட்டில் கட்டினேன். நானே என் கையால கிழிச்சேன்.” மூக்கை உறிஞ்சினாள். “மருமகன் நல்லவர்தான். நான் இல்லேன்னு சொல்லல. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனா என் பொண்ணு போட வேண்டிய சட்டையை, அதைக் கெடுத்தவரே போட்டுக்கிட்டு என் முன்னால நடந்தா... என்னால அதைப் பாக்க முடியாது, ஜேரே. அவ்வளவுதான்.”

கலூபா மடியில் இருந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. அவனும் பன்னிரண்டாவதில் இருந்த பையன்தான். ஆனால் அவன் பரீட்சை எழுதினான், லோம்பே எழுதவில்லை. மாமியார் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிது என்று தோன்றியது. அந்த அம்மாள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வெட்கம் வெட்கமாக வந்தது.

“லோம்பே,” என்று கூப்பிட்டான். “அம்மாகிட்ட சொல்லு. நான் வாகனமே எடுத்துக்கறேன். வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு.”

திரைப் பக்கம் காதைச் சாய்த்தான்.

“லோம்பே?”

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் லோம்பே. ஸ்க்ரூ டிரைவர் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. “இந்த வீட்டுல எல்லார் பேச்சையும் நான்தான் காலையிலிருந்து சுமக்கறேன். இப்ப என் பேச்சைக் கேளுங்க. அம்மா, வீட்டுல கோழி அறுக்கற அன்னிக்கெல்லாம் நான் எங்க இருப்பேன்?”

மாமியார் விழித்தாள். “தண்ணி எடுக்கப் போவ. சொல்லாமலே போவ. பொறுப்பான பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேனே.”

“நம்ம கிணத்தை விட்டுட்டு ரெண்டு கிணறு தள்ளிப் போய் ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ரத்தம்னா ஆகாதும்மா. பார்த்தாலே கண்ணு இருட்டிடும். பள்ளிக்கூடத்துல ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? வாசப்படியிலயே மயக்கம் போட்டு விழுந்தேன். என்னையே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க.”

“வெயில்னு சொன்னியேடி!”

“வேற என்ன சொல்றது? நீங்க துணி எடுத்து வச்சுட்டீங்க. தினமும் அதைப் பிரிச்சுப் பார்த்து மடிச்சு வைப்பீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?” லோம்பேயின் குரல் உடைந்தது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. “பூபேக்கு முழங்கால் கிழிஞ்சுதே, யாரு கட்டுப் போட்டா? நானா?”

“நான்தான்!” என்றான் கலூபா உள்ளேயிருந்து.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாமியார் காதில் விழ, நேராக, உரக்கப் பேசிவிட்டான். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

முன்னறையில் ஜேரே வெடித்துச் சிரித்தாள். தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவளைத் தொடர்ந்து லோம்பே. கடைசியில், நம்ப முடியாத மாதிரி, மாமியாரின் சிரிப்பு. பாதியில் அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பாயிற்று.

“அப்ப பதினாறு வருஷமா நான் எதுக்குடி அந்த மனுஷனை வாசலோட நிறுத்தி வச்சேன்?”

“அதான் உனக்கு பிரஷர் இறங்கவே மாட்டேங்குது,” என்றாள் ஜேரே கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் வேற வீணா மாத்திரை கொடுத்துக்கிட்டிருக்கேன்.”

“நீ சும்மா இருடி எலி தின்னி.” மாமியார் எழுந்தாள். நாற்காலியை அவளே சுவரோரமாகத் தள்ளிப் போட்டாள். “லோம்பே, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. வழி விட்டாச்சு. நான் மூஞ்சியை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கறேன். அப்புறம் இதையும் சொல்லு. வர ஞாயிற்றுக்கிழமை என் அடுப்படிக்கு வரட்டும். மாமனுங்களுக்கெல்லாம் நான் சொல்லி அனுப்பறேன். கோழி அறுக்கறேன், நம்ம ஊர் விருந்துக் கம்பளிப்பூச்சி வறுக்கறேன், எல்லாம் முறைப்படி.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ அன்னிக்கு தண்ணி எடுக்கப் போயிடு.”

லோம்பே திரைக்குள் தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. “கேட்டுச்சா?”

கலூபா தலையை ஆட்டினான். லோம்பே எண்ணெய்க் கையை மறந்து அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். காலரில் கறுப்பாக விரல் தடம் விழுந்தது. “ஐயோ!” என்றாள். அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கன்னத்திலும் கறை.

இடுப்பை வளைத்து, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி மரியாதை செய்தபடியே அவன் முன்னறையைக் கடந்தான். மாமியார் துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முதுகைத் தாண்டும்போது துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. லோம்பேயைக் கூப்பிடவில்லை. நேராக அவனிடமே.

“சீக்கிரம் போங்க மருமகனே. நாலு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்களாம். நர்ஸ்னு தெளிவா சொல்லுங்க.”

“சரிங்கம்மா,” என்றான் கலூபா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவன் கண் நிறைந்துவிட்டது.

ஜேரே முன்னால் ஓடி டாக்ஸிக் கதவைத் திறந்து பிடித்தாள். அவன் வாசல்படியில் கால் வைத்தான். பின்னால் மாமியார் மகளைக் கேட்பது காதில் விழுந்தது.

“ஏண்டி, நர்ஸ் ஆக வேண்டாம்னா, படிப்பு நின்னப்ப அத்தனை நாள் எதுக்கு அழுத? தலையணை நனையற மாதிரி அழுதியே. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

கலூபாவின் கால் படியிலேயே நின்றது.

அழுதிருக்கிறாள். அவனுக்கும் தெரியும். நர்ஸ் படிப்பு போனதற்குத்தான் என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷம் ஒரே கூரையின் கீழ். தினமும் சாயங்காலம் ஆம்புலன்ஸ் இஞ்சினில் என்ன சத்தம் வந்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்று அவள்தான் கேட்பாள், இவன் சொல்வான். நீ என்ன ஆக வேண்டும் என்று நினைத்தாய் என்று இவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள்கூட இல்லை.

“என்னய்யா, நேரமாகுது!” ஜேரே கத்தினாள்.

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். “சொல்லு லோம்பே. எதுக்கு அழுத? என்ன படிக்கணும்னு இருந்துச்சு உனக்கு?”

லோம்பே பிரித்துப் போட்டிருந்த மெஷினைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த கல்லூரிக் காகிதத்தைப் பார்த்தாள். எண்ணெய்க் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்றேன்,” என்றாள். “ஆனா யாரும் சிரிக்கக் கூடாது.”